மேற்கு வெயிலில் இரண்டு பெரிய சிமெண்ட் தொட்டிகள்: என்ன பூச்செடி வைக்கலாம்?

கூடல்நகர்வாசி (மதுரை):
மேற்குப் பார்த்த வீடு. வாசலின் இருபுறமும் வைக்க 2 அடி அகலத்தில் புதிதாக இரண்டு சிமெண்ட் தொட்டிகள் வாங்கினோம். நண்பகலில் ஏறும் வெயில் அந்தி வரை இறங்காது. போர்த் தண்ணீரோ வாளியில் வெள்ளைப் படலம் விடுகிற உப்பு. தை மாதம் ஒரு நர்சரியில் பெட்டூனியா நட்டுக் கொடுத்து, வருடம் முழுவதும் பூக்கும் என்றார்கள். பங்குனியிலேயே வைக்கோலாகிவிட்டது. பிறகு வைத்த இட்லிப்பூ, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையெல்லாம் வெளிறுகிறது. ஒரே தொட்டியில் பல பூக்கள் அடுக்கடுக்காக நிற்க வேண்டும் என்பது என் ஆசை. பேசாமல் துளசி வை என்கிறார் மாமியார். தெருவில் ஆடுகளும் உண்டு.

மாடித்தோட்டம் (கோவை):
அக்கா, நடுவில் உயரமாகக் கல்வாழை, சுற்றிலும் கோலியஸ், விளிம்பில் டேபிள் ரோஸ் வழியட்டும். அடியில் கொஞ்சம் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும்.

கரிசல்காட்டான் (விருதுநகர்):
தம்பி சொன்ன அடுக்கு அழகானது, செடிகள்தான் கோவைக்குரியவை. கல்வாழைக்கு ஈரம் தீரக் கூடாது, டேபிள் ரோஸுக்கு ஈரம் நிற்கக் கூடாது. இரண்டையும் ஒரு தொட்டியில் வைத்தால் யாருக்காகத் தண்ணீர் ஊற்றுவது? நிறத்தைப் பிறகு பார்க்கலாம் அம்மா, முதலில் தாகம் ஒத்த செடிகளைச் சேருங்கள்.

ஜல்லியும் வேண்டாம். மண்ணில் இறங்கும் நீர் ஜல்லியின் மேல்மட்டத்தில் தயங்கி நின்று, மண் நன்றாக ஊறிய பிறகே கீழே சொட்டும். வேருக்குரிய ஆழம் குறைவதுதான் மிச்சம். துளையை மூடாமல் ஓர் ஓட்டுச்சில்லு வைத்தால் போதும்.

இட்லிப்பூ வெளிறுவதற்குக் காரணம் சுண்ணாம்பு. புதிய சிமெண்டிலிருந்தும் கசியும், உங்கள் தண்ணீரிலும் இருக்கும். அதனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அந்தச் செடியை மண்சட்டிக்கு மாற்றி மழைநீர் ஊற்றுங்கள். தொட்டிகளில் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, அவ்வப்போது கொட்டி மாற்றிவிட்டு நடுங்கள். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய சாணம் 1 பங்கு. தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் நன்றாக அலசிச் சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

நடுவில் காகிதப்பூ. அதை 12 அங்குலச் சட்டியோடு அப்படியே புதைத்துவிடுங்கள்; இல்லையென்றால் ஒரே வருடத்தில் தொட்டி முழுவதும் அதன் வேர்தான். சுற்றிலும் நித்திய கல்யாணி, முக்கால் அடி இடைவெளியில், வெள்ளை ஒரு பக்கம், ரோஸ் ஒரு பக்கம். விளிம்புக்கு டேபிள் ரோஸ். மூன்றுமே வெயில் குடிப்பவை, மேல்மண் காய்ந்தபின் நீர் கேட்பவை.

பைபாஸ் பயணி:
இவ்வளவு எதற்கு? அரளி வையுங்கள். நான்குவழிச் சாலையின் நடுவே புகையிலும் வெயிலிலும் அதுதான் பூத்து நிற்கிறது. ஆடும் தொடாது.

கூடல்நகர்வாசி (மதுரை):
வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கிறான், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். அரளி வேண்டாம். ஐயா, டேபிள் ரோஸை ஆடு விட்டுவைக்குமா? உப்புத் தண்ணீருக்கு என்ன செய்வது?

கரிசல்காட்டான் (விருதுநகர்):
பிள்ளை இருந்தால் அரளியை நினைக்கவே வேண்டாம், வேர் முதல் பூ வரை நஞ்சு. நித்திய கல்யாணியும் தின்னக் கூடாததுதான். அவன் கை எட்டுமென்றால் அதை விட்டுவிட்டு வாடாமல்லி வையுங்கள்.

டேபிள் ரோஸை ஆடு முன்னங்காலைத் தூக்கிவைத்து மேயத்தான் செய்யும். ஆனால் ஒடித்துப் போட்ட தண்டே வேர்விடும் சாதி அது, கவலை வேண்டாம். உப்புக்கு வாரம் ஒருமுறை துளை வழியே தாராளமாக ஓடும்வரை ஊற்றுங்கள். தினமும் அரைச் செம்பு தெளித்தால் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். காகிதப்பூவுக்கு யூரியா போட்டுவிடாதீர்கள், இலையாகத் தள்ளும். சித்திரை வெயிலில் நடாமல் ஆடியில் நடுங்கள். நாற்று வாங்கும்போது பூ நிறைந்ததை விட்டு, கிளை நிறைந்ததை எடுங்கள்.