பிள்ளைய அக்காட்ட விட்டுட்டு வெளிநாடு போறேன், என்ன பேப்பர் எழுதிக் கொடுக்கணும்?

கருங்கல்காரி:
எனக்கு ஓமன்ல நர்ஸ் வேலை கெடச்சிருக்கு, அடுத்த மாசம் போணும். வீட்டுக்காரரு பஹ்ரைன்ல போட்டுல மீன்பிடிக்க போறாரு, இப்ப லீவு கெடையாது. மகளுக்கு ஏழு வயசு, எனக்க அக்கா வீட்டுல நிக்கப் போறா. போன மழைல ராத்திரி பிள்ளைக்கு வயித்து வலி, நான் நைட் டூட்டி, அக்காதான் தூக்கிட்டு ஓடுனா. ஆஸ்பத்திரில ஃபார்ம்ல உறவுன்னு இருக்க எடத்துல பெரியம்மான்னு எழுதுனத பாத்துட்டு, அம்மா வந்து கையெழுத்து போடட்டும்னு பெஞ்சில ஒக்கார வச்சிட்டாவ, பிள்ள சுருண்டு கெடந்து அழுதிருக்கு. ஓமன்ல இருந்து நான் எப்பிடி வந்து நிப்பேன்? ஸ்கூல்லயும் லெட்டர் கேக்காவ. கோர்ட்டுக்கு போணுமா? நாங்க ஆர்.சி. கிறிஸ்தவங்க.

குளச்சல் கடலோரம்:
கோர்ட் எதுக்கு, ஸ்டாம்ப் பேப்பர்ல பிள்ளைய அக்காவுக்கு தத்து கொடுத்தாச்சுன்னு எழுதி நோட்டரிட்ட சீல் வாங்குங்க, எங்க பக்கம் அப்பிடித்தான் செஞ்சாவ.

தக்கலை வக்கீல்:
தயவு செஞ்சு தத்துன்னு எழுதாதீங்க. ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதுனா தத்து ஆவாது, பின்னால வம்பா முடியும். நீங்க கிறிஸ்தவங்கங்கதால உங்களுக்கு 1890-ம் வருச கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், அதாவது பிள்ளைக்கு கார்டியன் (சட்டப்படி பொறுப்பாளர்) யாருன்னு சொல்லுத சட்டம். அதுல 19-ம் பிரிவு, அப்பாவோ அம்மாவோ உயிரோட தகுதியா இருக்கும்போது கோர்ட் வேற கார்டியன நியமிக்காதுங்குது, அதனால நாகர்கோவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

வேண்டியது அதிகாரம் கொடுக்குற பத்திரம். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், கார்டியன் நீங்கதான், அக்கா உங்களுக்கு பதிலா பாத்துக்கிடுதாங்கன்னு தெளிவா இருக்கணும். பிள்ளைக்க பேரு, பிறந்த தேதி, அக்காவுக்க ஆதார் நம்பர், எந்த தேதில இருந்து எந்த தேதி வரைன்னு எல்லாம் வரணும். "மருத்துவ சிகிச்சை, ஸ்கேன், அவசர ஆபரேஷனுக்கு சம்மதம்"னு தனியா ஒரு வரி போடுங்க, பொதுவா "பாத்துக்கிடுவாங்க"ன்னு விட்டா ஆஸ்பத்திரில ஒத்துக்கிட மாட்டாங்க. எப்ப வேணும்னாலும் நீங்க ரத்து பண்ணலாம், அக்காட்ட அத பேசிருங்க, பின்னால மனஸ்தாபம் வரக்கூடாது.

நீங்க போறதுக்கு முன்னால இங்க நோட்டரிட்ட போடுங்க. உங்க வீட்டுக்காரரு பஹ்ரைன்ல மனாமா இந்திய எம்பசில இதே மாதிரி தனியா ஒண்ணு போட்டு அனுப்பட்டும், அந்த பேப்பர் ஊருக்கு வந்து 3 மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டணும், முத்திரைச் சட்டம் 18-ம் பிரிவு, மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல கேளுங்க. நெறைய பேரு இத விட்டுருதாங்க.

மேல்புறம் டீச்சர்:
ஸ்கூலுக்கு நோட்டரி காப்பி ஒண்ணும், அக்காவுக்க மாதிரி கையெழுத்தும் ஹெச்.எம்.ட்ட நேர்ல கொடுங்க. பிள்ளைய கூட்டிட்டு போறது யாருன்னு அந்த காப்பில பேரும் போட்டோவும் இருந்தா கேட்ல நிக்கவங்களுக்கும் நிம்மதி. ஒரு வேளை பெரியப்பா வருவாருன்னா அவருக்க பேரையும் சேத்துருங்க.

கருங்கல்காரி:
ரொம்ப நன்றி வக்கீல் சார், டீச்சர். இத வச்சி பிள்ளைக்க பாஸ்போர்ட்டுக்கும் பேங்க் பணத்துக்கும் அக்கா போலாமா?

தக்கலை வக்கீல்:
பாஸ்போர்ட்டுக்கு இது மட்டும் போதாது, உங்க ரெண்டு பேர் சம்மதமும் தனியா கேப்பாங்க. பேங்க்ல கார்டியனா பேரு இருக்கது நீங்கன்னா நீங்கதான் இயக்கணும், அக்காவுக்கு செலவுக்கு அவங்க அக்கவுண்ட்டுக்கே அனுப்புங்க. ராத்திரில பிள்ளைக்கு சொகமில்லன்னா பத்திரம் பீரோவுல பூட்டிக் கெடந்து பிரயோஜனமில்ல, போட்டோ எடுத்து அக்காவுக்க போன்லயும் பெரியப்பாவுக்க போன்லயும் போட்டு வைங்க, ஒரிஜினல் பிள்ளைக்க ஆஸ்பத்திரி ஃபைல்லயே இருக்கட்டும்.