குடுவையில் ஒளிரும் பாக்டீரியா, குடல் மாதிரியில் இருட்டு

கேள்வி: ஈ.கோலை நிஸில் என்ற தீங்கற்ற குடல் பாக்டீரியாவில் ஹீமை (இரத்தத்திலுள்ள இரும்பு கொண்ட மூலக்கூறு) கண்டறியும் உணரியும், ஒளியை உண்டாக்கும் லக்ஸ் மரபணுக்களும் சேர்த்திருக்கிறேன். குடுவையில் நன்றாக ஒளிர்கிறது. ஆக்சிஜன் நீக்கிய குடல் மாதிரியில் ஒளி ஒன்றுமே இல்லை. ஏன்?

பதில் 1: ஒளியைத் தரும் நொதியான லூசிஃபரேஸுக்கு ஆக்சிஜன் கட்டாயம். மாதிரியில் கொஞ்சம் காற்றைக் கலக்கிப் பாருங்கள். ஒளி மீண்டால் மரபணுச் சுற்றில் பழுதில்லை. இன்னொன்று: லக்ஸ் தரும் 490 நானோமீட்டர் ஒளியைத் தடித்த திசு விழுங்கிவிடும், பெரிய உடலில் வெளியிலிருந்து படிக்க முயல்வது வீண். எம்ஐடி குழு 2018-இல் வெளியிட்ட, விழுங்கக்கூடிய கேப்சூலைப் பாருங்கள்: பாக்டீரியாவுக்கு அடியிலேயே ஒளி உணரி, வெளியே போவது ரேடியோ அலை. அதைப் பன்றியின் இரைப்பையில் சோதித்தார்கள். பாக்டீரியாவை மூடும் சவ்வின் துளை 0.22 மைக்ரான் போதும். ஹீம் நுழையும், பாக்டீரியா தப்பாது.

பதில் 2: ஆக்சிஜன் மிகக் குறைந்த பெருங்குடல்தான் இலக்கென்றால் லக்ஸை விடுங்கள். வாயுக் குமிழி மரபணுக்களைச் சேர்த்தால் அல்ட்ராசவுண்டில் தெரியும். அல்ட்ராசவுண்டின் ஒலி அழுத்தத்தைக் கூட்டிக் குமிழிகளை உடைத்து, முன்–பின் படங்களைக் கழித்தால் பின்னணி இரைச்சல் குறையும்.

பதில் 3: மரபணுச் சுற்று பிளாஸ்மிட்டிலா (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையம்)? ஆன்டிபயாடிக் இல்லாத இடத்தில் அது நழுவிவிடும். குரோமோசோமில் பதியுங்கள், சிக்னல் சற்று மங்கினாலும் நிலைக்கும்.