புதுப்பிப்பு: தகவல் கட்டுரை வாசிப்பில் கேள்வி கேட்கப் பழக்குதல்

தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றிவிட்டு வாசிக்கத் தொடங்கலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது தொடக்கத்துக்குப் போதும். ஆனால் வாசிப்பின் நடுவே பிள்ளைகளின் கேள்விகள் நின்றுவிடுகின்றன, அல்லது வாக்கியத்தையே திருப்பிப் போட்டதாக அமைகின்றன.

"வவ்வால் எதிரொலியைக் கொண்டு இரையைக் கண்டறிகிறது" என்ற வரிக்கு "வவ்வால் எதைக் கொண்டு இரையைக் கண்டறிகிறது?" என்று கேட்பார்கள். யோசிக்காமலே பதில் சொல்லிவிடலாம். "பல வவ்வால்கள் ஒன்றாகப் பறந்தால் எதிரொலிகள் குழம்பாதா?" என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி.

அதற்கு ஆசிரியர் முதலில் உரக்க வாசித்து, தனக்கு எங்கே புரியவில்லை, எங்கே வியப்பு வந்தது என்று சொல்லிக்காட்ட வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டால் மற்றது எதுவும் நிற்காது. பிறகு இரண்டு பத்திக்கு ஒருமுறை வாசிப்பை நிறுத்தும் இடத்தைக் குறித்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். ஐந்து கேட்டால் எண்ணிக்கையை நிரப்பத்தான் எழுதுவார்கள்.

வாசித்து முடித்ததும் கேள்விகளைப் பிரிக்கலாம்: பதில் ஒரே வரியில் உள்ளவை, பல பத்திகளைச் சேர்த்தால் கிடைப்பவை, கட்டுரையில் இல்லாதவை. மூன்றாம் வகையைத் தவறு என்று அடித்துவிடாதீர்கள். அடுத்து எதை வாசிப்பது என்று காட்டுபவை அவைதான்.

1986-இல் அமெரிக்க வாசிப்புக் கல்வி ஆய்வாளர் டோனா ஓகிள் வெளியிட்ட 'தெரிந்தது, தெரிய விரும்புவது, கற்றது' அட்டவணையையும் சிலர் பயன்படுத்துவார்கள். அதன் நடுவிலுள்ள 'தெரிய விரும்புவது' கட்டத்தை வாசிப்புக்கு முன் மட்டும் நிரப்பி மூடிவிடாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதிய கேள்வியைச் சேர்க்க விடுங்கள். முன்னறிவே இல்லாத பொருளில் முதலில் அது காலியாகத்தான் இருக்கும். படங்களையும் படக்குறிப்புகளையும் பார்க்கவிட்டால் கேள்வி வரும்.