பகுதிநேர ஊழியரின் ஆண்டு விடுமுறை: வங்கி விடுமுறைகளைத் தனியே கொடுப்பதா, உள்ளடக்கிக் கழிப்பதா?

கேள்வி: ஹாரோவாசி

அனைவருக்கும் வணக்கம். வடமேற்கு லண்டனில் ஒரு சிறிய பல் மருத்துவ நிலையத்தின் அலுவலகப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். எங்கள் விடுமுறை ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. முழுநேர ஊழியர்களுக்கு 20 நாட்களும் 8 வங்கி விடுமுறைகளுமாக (இங்குள்ள பொது விடுமுறை நாட்கள்) 28 நாட்கள் கொடுக்கிறோம். வங்கி விடுமுறைகளில் நிலையம் மூடியிருக்கும்.

பகுதிநேர ஊழியர்கள் மூவர். முதலாமவர் செவ்வாயும் புதனும் எட்டு மணி நேரம், வியாழன் நான்கு மணி நேரம் வேலை செய்கிறார். இரண்டாமவர் திங்களும் வெள்ளியும் மட்டும் முழு நாளாக வருகிறார். மூன்றாமவருக்கு நிலையான நேரம் கிடையாது. யாராவது வராதபோது அழைப்போம். இதுவரை 20 நாட்களை வாரநாட்களின் விகிதப்படி பிரித்துக் கொடுத்துவிட்டு, வங்கி விடுமுறை அவரவர் வேலை நாளில் விழுந்தால் சம்பளத்தோடு விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. இது சரிதானா என்று முதலாமவர் கேட்டிருக்கிறார். 2026ஆம் ஆண்டுக்கு எப்படிக் கணக்கிட வேண்டும்?

பதில் 1: கணக்குப்பிள்ளை

உங்கள் வழக்கம் முதலாமவரைச் சட்டத்தின் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே தள்ளிவிடுகிறது. அவர் கேட்டது நியாயமே.

1998ஆம் ஆண்டின் வேலை நேர விதிமுறைகள் ஊழியருக்குக் கொடுப்பது 5.6 வாரங்கள். ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 28 நாட்களாகிறது. ஆறு நாள் வேலை செய்தாலும் சட்டபூர்வ உச்சம் 28தான். வங்கி விடுமுறையன்று வீட்டிலிருக்கும் தனி உரிமை எதையும் சட்டம் தரவில்லை. ஆகவே 20, 8 என்று பிரிப்பது உங்கள் ஒப்பந்தத்தின் ஏற்பாடே தவிர, சட்டத்தின் பிரிவினை அன்று.

முதலாமவருக்கு மூன்று நாட்களை 5.6ஆல் பெருக்கினால் 16.8 நாட்கள். உங்கள் முறையில் 12 நாட்கள் கிடைக்கும். அதோடு இங்கிலாந்தில் 2026இல் அவருடைய வேலை நாளில் விழுவது ஜனவரி 1, வியாழக்கிழமை, ஒன்றே ஒன்று. மொத்தம் 13 நாட்கள். 3.8 நாட்கள் குறைகின்றன.

அவருடைய வேலை நாட்களின் நீளம் சமமாக இல்லாததால் நாட்கணக்கை விட்டு மணிக்கணக்கில் போடுவதே நல்லது. வாரத்துக்கு 20 மணி என்றால், ஆண்டுக்கு 112 மணி. செவ்வாயன்று விடுப்பு எடுத்தால் எட்டு மணியும், வியாழனன்று எடுத்தால் நான்கு மணியும் கழியும். நாட்கணக்கையே வைத்துக்கொண்டால் வியாழக்கிழமைகளில் விடுப்பு எடுப்பவர் நட்டப்படுவார், செவ்வாய்க்கிழமைகளில் எடுப்பவர் லாபமடைவார். பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கலாம், 16.8ஐ 17 ஆக்குவது உங்கள் பெருந்தன்மை, 16 ஆக்குவது சட்ட மீறல்.

எல்லோருக்கும் முழு உரிமையையும் ஒரே கணக்கில் வரவு வைத்து, நிலையம் மூடும் வங்கி விடுமுறை அவர்களுடைய வேலை நாளில் வந்தால் அதை அந்தக் கணக்கிலிருந்தே கழியுங்கள். வேறு எந்த முறையிலும் ஊழியரின் அதிர்ஷ்டம் அவர் எந்தக் கிழமையில் வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்துப் போய்விடும்.

பதில் 2: திங்கள் வெள்ளி

மேலே உள்ள கணக்கு சரியானதுதான், ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நான் வேறோர் இடத்தில் உங்கள் இரண்டாமவரைப் போலவே திங்களும் வெள்ளியும் வேலை செய்பவள்.

இரண்டு நாட்களை 5.6ஆல் பெருக்கினால் 11.2 நாட்கள். 2026இல் வங்கி விடுமுறைகள் திங்கட்கிழமைகளில் ஐந்தும் வெள்ளிக்கிழமைகளில் இரண்டும் வருகின்றன. பாக்சிங் டே, அதாவது டிசம்பர் 26, சனிக்கிழமையில் விழுவதால் அதற்கு மாற்றாக டிசம்பர் 28, திங்கள், விடுமுறையாகிறது. ஏழு நாட்களையும் கழித்தால், நாமே தேர்ந்தெடுத்து எடுக்க மிஞ்சுவது 4.2 நாட்கள். ஊருக்குப் போய்வர நாலு வாரம் வேண்டும் என்றால் அதில் பாதிதான் தேறும். முழுநேர ஊழியரோ 28இல் எட்டை மட்டும் இழந்து 20 நாட்களைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார். எண்ணிக்கை சமம் என்பதற்காக இதைச் சமம் என்று நான் ஏற்க மாட்டேன்.

எங்கள் இடத்தில் ஓர் ஏற்பாடு உண்டு: வங்கி விடுமுறை வரும் வாரத்தில், விரும்பினால் நான் வேறொரு கிழமையில் வந்து வேலை செய்யலாம், அப்படி வந்தால் என் கணக்கிலிருந்து நாள் கழியாது. சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் முதலாளிக்கு இதனால் ஒரு பைசா நட்டமுமில்லை.

பதில் 3: தேம்ஸ்கரையான்

பகுதிநேர ஊழியர் என்பதற்காகவே ஒருவரை முழுநேர ஊழியரைவிடக் குறைவாக நடத்தக்கூடாது என்று 2000ஆம் ஆண்டின் விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் 2007இல் ஸ்காட்லாந்தின் உயர்நிலை சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன், ஏழு நாளும் இயங்கும் ஓர் அலுவலகத்தில் திங்கட்கிழமை வேலை செய்யாத பகுதிநேர ஊழியருக்குத் திங்கள் விடுமுறைகளின் பயன் கிடைக்காமல் போனது பகுதிநேரம் என்ற காரணத்தால் அல்ல, அவருடைய கிழமைகளால் என்று தீர்ப்பளித்தது. எனவே கிழமை வேறுபாடு மட்டுமே வழக்கில் வெல்லும் என்று எண்ண வேண்டாம். 5.6 வாரம் என்ற அடித்தளத்தை மட்டும் எந்த வாதமும் குறைக்க முடியாது.

மூன்றாமவருக்கு வேறு விதி. 2024 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் விடுமுறை ஆண்டுகளில், ஒழுங்கற்ற நேரத்தில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு சம்பளக் காலத்திலும் அவர் உழைத்த மணிகளில் 12.07 விழுக்காடு விடுமுறையாகச் சேரும். இந்த எண் 5.6ஐ, 52 வாரங்களில் அதைக் கழித்து மிஞ்சும் 46.4ஆல் வகுத்ததால் வருவது. ஒரு மாதத்தில் 46 மணி உழைத்தால் 5.55 மணி சேரும். அரை மணியும் அதற்கு மேலும் ஒரு மணியாகும், அதற்குக் கீழானது விடப்படும், ஆகவே 6 மணி.

விடுமுறைச் சம்பளத்தை அந்தந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்தே கொடுப்பதும் இவர்களுக்கு இப்போது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மணிக்கு 13 பவுண்டு என்றால் 46 மணிக்கு 598 பவுண்டு. விடுமுறைப் பங்கு 72.18 பவுண்டு. சம்பளச் சீட்டில் அது தனி வரியாக இருக்க வேண்டும். முதல் இருவருக்கும் நிலையான நேரம் இருப்பதால் இந்த வழி அவர்களுக்குப் பொருந்தாது.

இணையத்தில் தேடும்போது தேதியைப் பாருங்கள். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஹார்ப்பர் டிரஸ்ட் எதிர் பிரேசல் வழக்கில், ஆண்டின் சில வாரங்கள் மட்டும் வேலை செய்யும் நிரந்தர ஊழியருக்கும் 5.6 வாரங்களை விகிதப்படி குறைக்கக்கூடாது என்று சொன்னது, 12.07 செல்லாது என்று அக்காலத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் இன்னும் கிடக்கின்றன. புதிய விதி அந்த நிலையை மாற்றிவிட்டது.

ஹாரோவாசி

மூவருக்கும் நன்றி. முதலாமவருக்கு 112 மணி என்று எழுதிக்கொடுக்கப் போகிறேன். இரண்டாமவருக்கு மாற்றுக் கிழமை யோசனையை மருத்துவரிடம் முன்வைப்பேன். ஒரு துணைக் கேள்வி: ஜூலையில் முதலாமவர் நான்கு நாட்களாக உயர்த்திக்கொள்ள விரும்புகிறார். யாராவது அதிகமாக விடுப்பு எடுத்துவிட்டு இடையில் விலகினால் என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். ஆறு மாதம் மூன்று நாள் என்றால் 8.4, அடுத்த ஆறு மாதம் நான்கு நாள் என்றால் 11.2, ஆக மொத்தம் 19.6 நாட்கள். ஏற்கெனவே சேர்ந்ததைப் புதிய விகிதத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. மணிக்கணக்கிலும் இதே முறைதான்.

அதிகமாக எடுத்த விடுப்பின் சம்பளத்தைக் கடைசிச் சம்பளத்தில் பிடிக்க, அதற்கு இடம் தரும் எழுத்துபூர்வமான உடன்பாடு முன்பே இருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இல்லையென்றால், ஜனவரிக் கடிதங்களை அனுப்பும்போதே அதைச் சேர்த்து ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.