அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: பெரிய அணிகள் என்.சி.ஏ.ஏ.வை விட்டுப் பிரிந்து போவது சரியா?

காவேரிப்பட்டணம் பி.டி. வாத்தியார் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகன் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். போன நாளிலிருந்து அவனுக்குப் பேச்சு முழுக்க ஃபுட்பால்தான். நம் கால்பந்து இல்லை, தலைக்கவசம் தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு மோதுகிறார்களே, அந்த ஆட்டம். கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்க்க ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காருகிற மைதானம் அந்த ஒரே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாம்.

இப்போது அங்கே பெரிய வாக்குவாதம் ஓடுகிறது. கல்லூரி விளையாட்டு எல்லாவற்றையும் நடத்துகிற என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பை விட்டுவிட்டு, பெரிய ஃபுட்பால் கல்லூரிகள் மட்டும் தனியாக ஒரு சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "மாமா, அவங்க சம்பாதிக்கிறாங்க, அவங்களே நடத்திக்கட்டுமே, இதில் என்ன தப்பு?" என்கிறான்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைகிற எங்களுக்கு, கபடியும் கோகோவும் ஈட்டி எறிதலும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் பலம். கூட்டம் சேர்கிற ஒரு ஆட்டம் மட்டும் தனியாகப் போய்விட்டால், யாரும் பார்க்க வராத ஆட்டத்தை ஆடுகிற பிள்ளைக்கு ஷூ வாங்கித் தருவது யார்? அங்கே நிலைமை வேறாகவும் இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள், அவனுக்கும் அனுப்பி வைக்கிறேன்.

ஓசூர் நைட்ஷிஃப்ட்

சார், உங்கள் மருமகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனிக்கு ராத்திரி வேலை பார்க்கிறவன் நான், அங்கே சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி ஆட்டம் இங்கே சனி இரவு ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும், வருடக்கணக்கில் விடாமல் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிவினை பாதிக்கு மேல் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. பெரிய கல்லூரிகளின் ஃபுட்பால் சாம்பியன் பட்டத்தை என்.சி.ஏ.ஏ. கொடுப்பதே இல்லை. காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃப் என்ற அந்தப் போட்டியை நடத்துவது கான்ஃபரன்ஸ்கள், அதாவது கல்லூரிகள் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டணிகள். 2014 சீசனில் 4 அணிகளோடு தொடங்கியது, 2024இல் 12 அணிகள் ஆனது. இ.எஸ்.பி.என். டிவி அதற்கு 2026 முதல் வருடத்துக்குச் சுமார் 130 கோடி டாலர் தருகிறது. அந்தப் பணத்தில் என்.சி.ஏ.ஏ.வுக்குப் பங்கு கிடையாது. அது பிழைப்பது மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் டிவி உரிமையை வைத்து.

இது நேற்று வந்த சண்டையும் இல்லை. ஒரு காலத்தில் எந்த ஆட்டம் டிவியில் வரலாம், ஒரு கல்லூரி எத்தனை முறை வரலாம் என்பதையெல்லாம் என்.சி.ஏ.ஏ.தான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு, 1984இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அந்த அதிகாரத்தைப் பிடுங்கியது. அன்றிலிருந்து பணம் கான்ஃபரன்ஸ்களின் கையில். ஆடுவதும் சம்பாதிப்பதும் இவர்கள், விதி எழுதுவது மட்டும் இண்டியானாபொலிஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆபீஸ் என்றால் அது எத்தனை நாளைக்கு நிற்கும்? சின்னக் கல்லூரிகளும் பெரிய கல்லூரிகளும் ஒரே விதிப்புத்தகத்தில் இருப்பதால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி இல்லை.

பிரியாமல் இருப்பதால் மற்ற ஆட்டக்காரர்கள் படும் பாட்டையும் பாருங்கள். ஃபுட்பால் டிவி பணத்துக்காக லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் 2024இல் மற்ற விளையாட்டு அணிகளையும் கூட்டிக்கொண்டு பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போனது. அதே கான்ஃபரன்ஸில் ரட்கர்ஸ் இருக்கிறது, அது நியூ ஜெர்சியில். நாட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள தூரம். பசிபிக் ஓரம் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. நூறு வருடத்துக்கு மேல் இருந்த பாக்-12 கான்ஃபரன்ஸில் கடைசியில் இரண்டே கல்லூரிகள் மிஞ்சின. ஃபுட்பால் அணிக்கு சீசனில் பன்னிரண்டு ஆட்டம்தான், வாரம் ஒன்று, பறந்து போய்விட்டு வந்துவிடுவார்கள். வாலிபால், சாஃப்ட்பால் ஆடுகிற பெண்கள் வார நடுவில்கூட விமானம் ஏறிப் போய் ஆடிவிட்டு, திரும்பி வந்து பரீட்சை எழுத வேண்டும். ஃபுட்பாலை மட்டும் தனியே கழற்றிவிட்டால் மற்ற அணிகள் பக்கத்து மாநிலக் கல்லூரிகளோடு பழையபடி ஆடலாம். அதனால்தான் பிரியட்டும் என்கிறேன்.

பாலக்கோடு ஹேண்ட்பால்

ஓசூர் அண்ணா, ஆட்டம் பார்க்கிறவர் கண்ணோட்டத்தில் சொல்கிறீர்கள். ஆடியவள் கண்ணோட்டத்தில் நான் சொல்கிறேன்.

கல்லூரியில் ஹேண்ட்பால் ஆடினேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். போட்டிக்குப் போகும்போது ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டி, சாப்பாட்டுக்கு பிரெட்டும் வாழைப்பழமும். திரும்பி வந்ததும் தினப்படி ரசீதில் தொகை எழுதாத இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஜெர்ஸி மட்டும் புதிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், போன வருட சீனியர் அக்காவின் நம்பர் மேலேயே துணி ஒட்டித் தைத்துக் கொடுத்தார்கள், வியர்வையில் அது பிரிந்து தொங்கும். அதே கல்லூரியில் கிரிக்கெட் அணிக்கு வேன் உண்டு. மேலே தட்டிக் கேட்க ஒரு அமைப்பு இல்லையென்றால் கூட்டம் வராத ஆட்டத்தின் கதி இதுதான், அது தர்மபுரியானாலும் டெக்சாஸ் ஆனாலும்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் 2004இல் மாவட்டம் பிரிந்தபோது ஓசூர் சிப்காட்டும் கம்பெனிகளும் உங்கள் பக்கம் போயின. எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் வேலைக்கு ஓசூருக்கும் பெங்களூருக்கும்தான் பஸ் ஏறுகிறார்கள். அப்படியும் இரண்டு மாவட்டத்துக்கும் மேலே ஒரே அரசாங்கம் இருக்கிறது, போய்க் கேட்க ஒரு கதவு இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்கு மேலே அப்படி ஒரு விளையாட்டு அமைச்சகம்கூடக் கிடையாது. என்.சி.ஏ.ஏ. போனால் கேட்க ஆளே இல்லை.

பணம் பெரிய கல்லூரிகளிடம் இருந்தால் அது எங்கே போகிறது என்றும் பார்த்திருக்கிறோமே. 2023இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரைப் பாதியில் அனுப்பியபோது, வேலை செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அவருக்கு ஒப்பந்தப்படி 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பணத்தில் எத்தனை நீச்சல் அணி, எத்தனை மல்யுத்த அணி ஓடும்! வீரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆகப்போகிறது என்ற நிலையில் 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் கால் பாலி என்ற பல்கலைக்கழகம் நீச்சல் அணியை ஆண்கள் பெண்கள் இரண்டையும் கலைத்துவிட்டது. பெரிய பணக்காரக் கல்லூரி இல்லை அது. பெரியவர்கள் நடுவில் போட்டி நடக்கும்போது அடி வாங்குவது இந்த மாதிரி இடம்தான்.

அமெரிக்கா ஒலிம்பிக்கில் குவிக்கும் பதக்கங்களில் பெரும்பகுதி இந்தக் கல்லூரி நீச்சல் குளங்களிலும் ஓட்டப் பாதைகளிலும் தயாரானவை. 1972இல் வந்த ஒன்பதாம் பிரிவுச் சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனத்தில் பெண்களுக்குச் சமவாய்ப்பு தர வேண்டும் என்கிறது, அதனால்தான் அங்கே பெண்கள் அணிகள் இத்தனை வளர்ந்தன. ஃபுட்பாலைத் தனிக் கம்பெனி மாதிரி ஆக்கிவிட்டால், அந்த வருமானம் இந்தக் கணக்கில் வராது என்று வாதாட வக்கீல்கள் வரிசையில் நிற்பார்கள். வக்கீல் அண்ணன் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

அரூர் வக்கீல்

கூப்பிட்டதற்காக வந்துவிட்டேன் தங்கச்சி. ஒன்பதாம் பிரிவு பயம் நியாயமானது. கல்லூரியின் பெயர், மைதானம், மாணவர்கள் இருக்கும்வரை வெறும் பலகை மாற்றித் தப்பிப்பது சுலபமில்லை, ஆனாலும் வழக்கு கட்டாயம் வரும், தீர வருடங்கள் ஆகும்.

நான் சொல்ல வந்தது வேறு. என்.சி.ஏ.ஏ. ஏன் இத்தனை பலவீனமானது என்பதைப் பார்க்காமல் பிரிவதா வேண்டாமா என்று பேசிப் பயனில்லை. போட்டி நிறுவனங்கள் கூடி விலை நிர்ணயிக்கக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம் இருக்கிறது, ஷெர்மன் சட்டம், 1890ஆம் வருடத்தது. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஒன்றாக உட்கார்ந்து "ஆட்டக்காரனுக்கு இதற்கு மேல் தரமாட்டோம்" என்று விதி போட்டால் அது கூலியை அமுக்குகிற கூட்டுதான். 2021இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9க்கு 0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி கவனா தனியாக எழுதிய கருத்தில், என்.சி.ஏ.ஏ. சட்டத்துக்கு மேலானது அல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே வருடம் ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விற்றுச் சம்பாதிக்க வழி திறந்தது. 2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் பணம் கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார்: பழைய ஆட்டக்காரர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர், இனிமேல் ஒவ்வொரு கல்லூரியும் வருடத்துக்கு 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குத் தரலாம், அது முதல் வருட உச்சவரம்பு. அதைக் கண்காணிக்கப் பெரிய கான்ஃபரன்ஸ்களே காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்று ஒன்றை ஆரம்பித்தன. என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே. ஆக, ஓசூர் தம்பி சொல்வது போலப் பிரிவினை உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் தம்பி, புதுச் சங்கம் ஆரம்பித்து அதுவும் தானாகவே உச்சவரம்பு வைத்தால் அதே ஷெர்மன் சட்டம் அதன் கழுத்திலும் விழும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். எப்படிச் சம்பள உச்சவரம்பு வைக்கிறது? அங்கே ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, சங்கத்தோடு பேசிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்பதால் சட்டம் விடுகிறது. கல்லூரியில் அந்த வழியை 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி முயன்று பார்த்தது. மறு வருடம் தேசிய தொழிலாளர் உறவு வாரியம் இதில் தலையிட மாட்டோம் என்று கையை விரித்துவிட்டது. பெரிய கல்லூரிகள் பிரிய ஆசைப்படுகின்றன, ஆட்டக்காரனைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் பிரிந்தால் ஐந்தாறு வருடத்தில் அதே கோர்ட்டில் அதே வழக்கு, பிரதிவாதியின் பெயர் மட்டும் வேறு.

என் கருத்தைக் கேட்டால், ஃபுட்பால் மட்டும் பிரியலாம், கல்லூரி முழுதாகப் பிரியக் கூடாது. 2020 டிசம்பரில், கல்லூரி விளையாட்டைச் சீர்திருத்த யோசனை சொல்லும் நைட் கமிஷன் என்ற தனிக் குழு கிட்டத்தட்ட இதைத்தான் பரிந்துரைத்தது: பெரிய கல்லூரிகளின் ஃபுட்பாலுக்கு பிளேஆஃப் பணத்தில் ஓடுகிற தனி அமைப்பு, மற்ற விளையாட்டெல்லாம் என்.சி.ஏ.ஏ.விலேயே. இதோடு நான் இரண்டு நிபந்தனை சேர்ப்பேன். ஆட்டக்காரர் சங்கத்தோடு கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்று. டிவி பணத்தில் இத்தனை சதவீதம் அந்தக் கல்லூரியின் மற்ற அணிகளுக்கு என்று எழுத்தில் இருப்பது இன்னொன்று. கோச் பணத்தை எடுத்துக்கொண்டு போனபிறகு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றால் ஒரு ரூபாயும் வராது.

ஓசூர் நைட்ஷிஃப்ட்

சதவீதம் எழுதி வைப்பது எனக்கும் சம்மதம்தான் அண்ணா. ஆனால் ஒரு திருத்தம், இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் கோச்சுக்கு 7.5 கோடி டாலர் கொடுப்பதை என்.சி.ஏ.ஏ. தடுக்கவில்லையே. பாலக்கோடு அக்கா சொன்ன "தட்டிக் கேட்கும் அமைப்பு" அங்கே ஆட்டக்காரனைத்தான் தட்டியது, கல்லூரியை அல்ல. டீ ஷர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கினான் என்று ஆட்டக்காரர்களைத் தடை செய்த காலம் அது.

பாலக்கோடு ஹேண்ட்பால்

கோச் சம்பளத்தை உச்சவரம்பு வைத்துத் தடுத்தாலும் வக்கீல் அண்ணன் சொன்ன அதே ஷெர்மன் சட்டம்தான் வரும், கையைக் கட்டிப் போட்டுவிட்டு ஏன் அடிக்கவில்லை என்று கேட்கக் கூடாது. டீ ஷர்ட் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன், அது அநியாயம்.

காவேரிப்பட்டணம் பி.டி. வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. வரிக்கு வரி படித்தேன். என்.சி.ஏ.ஏ. ஏன் ஆரம்பித்தார்கள் என்று மருமகனிடம் கேட்டதில், 1905இல் ஃபுட்பால் ஆட்டத்தில் மாணவர்கள் அடிபட்டுச் சாவதைப் பார்த்து ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார், அதன் தொடர்ச்சியாக மறு வருடம் அமைப்பு பிறந்தது என்றான். உயிரையும் உடம்பையும் காப்பாற்றத்தான் அது வந்திருக்கிறது என்றால், பிரிந்தபிறகு அடிபட்டவனுக்கு யார் பொறுப்பு? மாவட்ட அளவில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த என் மாணவன் ஒருவன் கபடியில் முழங்கால் லிகமெண்ட் அறுந்து வந்தான். ஆபரேஷனுக்கு அவன் அப்பா மாட்டை விற்றார். பணம் பற்றி இத்தனை எழுதினீர்கள், இதைப் பற்றியும் சொல்லுங்கள்.

அரூர் வக்கீல்

சார், சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 2024 ஆகஸ்ட் முதல், கல்லூரியில் ஆடியபோது பட்ட அடிக்கு, ஆட்டம் முடிந்து வெளியே வந்தபிறகும் இரண்டு வருடம் வரை மருத்துவச் செலவுக்கு என்.சி.ஏ.ஏ. காப்பீடு தருகிறது. இரண்டு வருடம் போதாது. தலையில் பட்ட அடி பத்து இருபது வருடம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். ஃபுட்பால் பிரிந்து போனால் இந்தக் காப்பீடும் அங்கேயே நின்றுவிடும், புது அமைப்பு புதிதாக எடுக்க வேண்டும். நான் சொன்ன இரண்டு நிபந்தனையோடு மூன்றாவதாக இதையும் சேர்த்துக்கொள்கிறேன், அதுவும் இரண்டு வருடம் இல்லை, பத்து வருடமாவது. உங்கள் மருமகனிடம் கேளுங்கள், பிரியச் சொல்கிறவர்கள் யாராவது இதைப் பற்றிப் பேசுகிறார்களா என்று. பேசினால் இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள்.