அப்பாவின் பைபாஸ்: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு மாலை

அத்தை, மாலை 5.10
தம்பிக்குத் தையல் பிரித்தாயிற்றா, கண்ணு? நெஞ்செலும்பை அறுத்துத் திறந்தார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான், 5.22
கால் தையலை நேற்றுப் பிரித்துவிட்டார்கள், அத்தை. இதயக் குழாய்களில் இருந்த மூன்று அடைப்புகளில் இரண்டைக் கடக்க இடது காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயையும், இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய்க்கு நெஞ்சுச் சுவரின் உட்புறம் ஓடும் தமனியையும் இணைத்திருக்கிறார்கள். காலிலிருந்து எடுத்ததைவிட அந்தத் தமனிதான் நீண்ட காலம் அடைபடாமல் உழைக்கும் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். எலும்பைக் கம்பியால் கட்டியிருப்பதால், அது கூடும்வரை அப்பா குடம் தூக்கவோ வண்டி ஓட்டவோ கூடாது. இருமல் வந்தால் சிறிய தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியில், இன்று முதன்முறையாக இரண்டாம் பந்தும் மேலே எழும்பி நின்றது.

மாமா, 5.31
நீ வீணாகக் கலங்காதே என்று உன் அத்தையிடம் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை டாக்டர் கே.எம். செரியன் 1975ஆம் ஆண்டிலேயே பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்துவிட்டார். நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் மூத்த ஊழியர்கள் அதைத் தங்கள் வீட்டுப் பெருமையாகச் சொல்வார்கள். இன்று அது நாள்தோறும் நடக்கும் சிகிச்சை.

நான், 5.48
உண்மைதான், மாமா. ஆனால் என் மனத்தை அறுப்பது அறுவை சிகிச்சை அல்ல. அதற்கு முந்தைய எட்டு மாதங்கள். சங்கடஹர சதுர்த்திதோறும் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க மலைக்கோட்டை ஏறும் அப்பா, தாயுமானவர் சந்நிதிக்கு முன்பாகவே இரண்டு முறை உட்கார ஆரம்பித்தார். நெஞ்சின் நடுவில் ஒரு கல்லை வைத்தாற்போல இருக்கிறது என்பார். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போய்விடும். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம். அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் இசிஜி எடுத்து, நார்மல் என்று சொல்லி, வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நானே பீரோவில் பத்திரப்படுத்தினேன்.

படுத்திருக்கும்போது இதயம் கேட்கும் ரத்தத்தைக் குறுகிய குழாய்கூடக் கொடுத்துவிடும். படி ஏறும்போது இதயம் கூடுதலாகக் கேட்க, அந்தக் குழாயால் ஈடுகொடுக்க முடியாமல்தான் வலி எழுகிறது. ஆகையால் ஓய்வில் எடுத்த ஒரு இசிஜி சரியாக இருப்பது இதயக் குழாய்களுக்கு நற்சான்று ஆகாது. “நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது” என்று அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால், நடக்கவைத்து இசிஜி எடுக்கும் டிரெட்மில் சோதனையோ, இதயக் குழாய்களை ஸ்கேனில் படம்பிடிக்கும் சிடி ஆஞ்சியோவோ அப்போதே செய்திருப்போம்.

அண்ணன், 6.02
சித்தப்பாவுக்கு 53 வயதுதானே, தங்கச்சி? எனக்கு 41. எந்தத் தொந்தரவும் இல்லை. நானும் ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டுமா?

நான், 6.11
அறிகுறி இல்லாதவர் எடுத்த எடுப்பில் ஆஞ்சியோகிராம் வரை போகத் தேவையில்லை, அண்ணா. பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்பே இதய நோய் வந்தால், மற்றவர்களுக்கும் அபாயம் கூடுதல் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் நானும் என் தம்பியும் அத்தையும் பெரியப்பாவும் முதல் வரிசையில் நிற்கிறோம். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன என்பதை மருத்துவர் சொல்லட்டும். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சிகரெட்டை இன்றே விட்டுவிடுங்கள்.

பெரியப்பா, 6.25
அம்மாடி, எனக்கு நெஞ்சில் ஒரு நாளும் வலித்ததில்லை. பதினைந்து ஆண்டுச் சர்க்கரை ஒன்றுதான் கூட இருக்கிறது. இப்போதைக்கு இந்தப் பல்வலிதான் பாடாய்ப்படுத்துகிறது. இடப்பக்கக் கீழ்த்தாடை இழுக்கிறது. பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் பல்லில் குறை இல்லை என்கிறார்.

நான், 6.26
பெரியப்பா, அந்த வலி சாப்பிடும்போது வருகிறதா, நடக்கும்போது வருகிறதா?

பெரியப்பா, 6.33
மெல்லும்போது இல்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது, மேட்டில் ஏறினால் வரும். கடைத் திண்ணையில் சற்று உட்கார்ந்தால் விட்டுவிடும். இரண்டு வாரமாகத்தான்.

நான், 6.35
பெரியப்பா, இது பல்வலியாகத் தெரியவில்லை. இதய வலி தாடைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் பரவக்கூடும். நீண்டகாலச் சர்க்கரை நரம்புகளை மழுங்கடிப்பதால் நெஞ்சில் வலியே தெரியாமலும் போகலாம். உட்கார்ந்திருக்கும்போது வந்ததா? வியர்வை, மூச்சுத் திணறல் உண்டா?

பெரியப்பா, 6.38
இல்லை அம்மா. மேட்டில் மட்டும்தான்.

நான், 6.44
அப்படியானால் நாளைக் காலையே இதய மருத்துவரைப் பார்த்துவிடுவோம். அதுவரை மேடும் வேண்டாம், மாடிப்படியும் வேண்டாம். இரவில் சும்மா இருக்கும்போது வலி வந்தாலோ, வியர்த்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108க்கு அழைக்க வேண்டும். அண்ணா, இன்றிரவு நீங்கள் பெரியப்பா அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன், 6.46
பாயை எடுத்துப் போட்டுவிட்டேன். பாலை நாளையிலிருந்து நான் வாங்குகிறேன்.

நான், 6.50
காலை ஏழு மணிக்கு ஆட்டோவுடன் வாசலில் நிற்பேன், பெரியப்பா. சர்க்கரை மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் அந்தப் பல் எக்ஸ்ரேவையும் ஒரே பையில் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் பல்வலி என்று தொடங்காதீர்கள். மேட்டில் வருகிறது, திண்ணையில் போகிறது என்று இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள்.