கைக்குழந்தையோடு முதலில் ஏறப் போனோம்: ஜோபர்க், டர்பன் அனுபவங்கள்

ஜோபர்க் கோவைக்காரி:

விமானத்தில் கைக்குழந்தை உள்ளவர்களை முதலில் கூப்பிடுவார்களே, அதை நம்பிப் போய் அவதிப்பட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் எழுதுங்கள்.

கோவையிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க்குக்கு (ஜோபர்க் என்றுதான் சுருக்கிச் சொல்வார்கள்) குடிவந்து மூன்றாவது மாதம், டர்பனில் கணவரின் நண்பர் வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்குக் கிளம்பினோம். மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. இரண்டு வயது முடியவில்லை என்பதால் மடியிலேயே உட்கார வைத்துக்கொள்ளலாம். ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் கேட்டில் நின்ற பெண்ணிடம் குழந்தைக்காரர்களை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். “ஜஸ்ட் நௌ” என்றார். நம்மூர் இங்கிலீஷில் இதோ இப்போதே என்றுதானே அர்த்தம்? தரையில் உட்கார்ந்து சமர்த்தாக விளையாடிக்கொண்டிருந்தவளைத் தூக்கி, ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டு, தள்ளுவண்டியை மடக்கி, வரிசைக்கு முன்னால் போய் நின்றோம். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று, அவள் அழ ஆரம்பித்தாள், அந்தப் பெண் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த நாட்டில் ஜஸ்ட் நௌ என்றால் “அப்புறம் பார்க்கலாம்” என்றும், நௌ நௌ என்றால்தான் கொஞ்சம் சீக்கிரம் என்றும் பக்கத்தில் நின்றவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்.

சரி, ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். முதல் ஆளாகப் படி இறங்கிப் போனால் கீழே பஸ் நிற்கிறது! முதலில் ஏறிய நாங்கள் பஸ்ஸின் உள்கோடிக்குத் தள்ளப்பட்டோம். விமானத்தருகே கதவு திறந்ததும் கடைசியாக ஓடிவந்து ஏறியவர்கள் முதலில் இறங்கினார்கள். நாங்கள் சீட்டுக்குப் போய்ச் சேரும்போது தலைக்கு மேலே பெட்டி வைக்கக் கையகல இடமில்லை. டயப்பர் பை ஏழு வரிசை பின்னால் போயிற்று. சீட் பெல்ட் விளக்கு எரிகிற நேரமாகப் பார்த்து மகள் தன் வேலையைக் காட்டினாள். டர்பனுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான், ஆனால் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

டர்பன் மருமகள்:

பஸ் என்று தெரிந்தால் உள்ளே போகவே கூடாது அக்கா. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள், யார் முறைத்தாலும் சரி.

நான் மதுரைப் பொண்ணு, கட்டிக்கொண்டது ஐந்து தலைமுறையாக டர்பனில் இருக்கிற குடும்பத்தில். வீட்டில் தமிழ் பேச வராது, ஆனால் ஆயா, தாத்தா, அக்கா எல்லாம் அப்படியே இருக்கிறது. பத்து மாதப் பையனோடு நான் தனியாகச் சென்னைக்குப் போனேன், துபாய் வழியாக. துபாய்க்கே எட்டரை மணி நேரம். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் ஏறுவது இருக்கட்டும், செக்‌-இன் கவுன்டரைத் தாண்டுவதே பெரிய பாடு. அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும், இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். 2015 ஜூனில் இந்தக் காகிதக் கெடுபிடி வந்தது, பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தளர்த்தினார்கள். என்னிடம் இரண்டையும் கேட்டார்கள். நல்ல வேளை, முதல் நாளே வீட்டுக்காரரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிச் சத்தியப் பிரமாணம் செய்து முத்திரை வாங்கி வைத்திருந்தேன்.

கேட்டில் குழந்தைக்காரர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். ஆனால் எப்படி வருவது? தங்கள் முறை வராதவர்கள் எல்லாம் முன்னாலேயே அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு கையில் வீறிடும் பையன், இன்னொரு கையால் தள்ளுவண்டியை மடக்குகிறேன், அது மடங்க மாட்டேன் என்கிறது. பின்னாலிருந்து ஒரு ஜூலு பாட்டி வந்தார். இங்கே கோகோ என்றுதான் பாட்டிமாரைக் கூப்பிடுவோம். துபாயில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போகிறாராம். என்னைக் குனியச் சொன்னார். தன் பையிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து, பையனை என் முதுகில் குப்புறப் படுக்கவைத்து, துண்டை அவன் பிருஷ்டத்துக்குக் கீழே கொடுத்து இழுத்து, முன்னால் மார்புக்கு மேலே ஒரு ஊக்கு, வயிற்றுப் பக்கம் ஒரு ஊக்கு. நிமிர்ந்தேன். என் இரண்டு கையும் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது! பையனும் கப்சிப். அப்புறம் அவர் கூட்டத்தைப் பார்த்து ஜூலுவில் ஏதோ ஒரு வாக்கியம்தான் சொன்னார், வழி தானாகப் பிளந்தது. என்னை முன்னால் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பழைய இடத்துக்கே போய் நின்றார்.

உள்ளே போனதும் அவிழ்த்து மடியில் வைத்து, குழந்தைக்கென்று தருகிற சின்ன பெல்ட்டை என் பெல்ட்டில் கோத்துப் போட்டேன், அது கட்டாயம். சுவரில் மாட்டுகிற தொட்டில் விமானம் மேலே போய் விளக்கு அணைந்த பிறகுதான் வரும், முதலில் ஏறினால் முதலில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். தள்ளுவண்டிக்கு டேக் போடும்போதே அது துபாயில் விமானக் கதவருகே வருமா, நேராகச் சென்னைக்குத்தானா என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. துபாய் முழுக்க கோகோவின் துண்டோடு நடந்தேன், அதைத் திருப்பி வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

திரும்பி வந்து மாமியாரிடம் புலம்பினேன். “1860-ல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்களே, அவர்களைக் கைக்குழந்தைக்காரி முன்னால் வா என்றா கூப்பிட்டிருப்பான்?” என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல?

இரட்டைப்பிள்ளை அப்பா:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மடியில் இரண்டு குழந்தைகள் என்றால் அம்மாவும் அப்பாவும் பெரும்பாலும் ஒரே பக்கத்து மூன்று சீட்டில் உட்கார முடியாது. மூன்று சீட்டுக்கு மேலே நான்கு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும், மூன்றாவது சீட்டில் வேறொருவர் உட்கார்ந்தால் அந்த ஐந்தாவது ஆளுக்கு இல்லை. இது தெரியாமல் முதல் ஆளாக ஏறி, பொம்மை, பால் புட்டி எல்லாம் பரப்பி வைத்த பிறகு ஏர்ஹோஸ்டஸ் வந்து பிரித்தார். அதற்குள் நடைபாதை நிறைந்துவிட்டது, எதிர்ப்பக்கம் மாற இருபது பேரை ஒதுங்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

பிரிட்டோரியா பழனி:

நான் இந்த விஷயத்தில் எதிர்க்கட்சி. நடக்கிற பிள்ளையை எதற்கு முதலில் ஏற்றுகிறீர்கள்? எல்லோரும் ஏறி முடிக்கிற அரை மணி நேரமும் அவனைச் சீட்டில் கட்டி வைக்க வேண்டும், விமானம் நகர்வதற்குள் அவன் பொறுமை தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் மனைவி பைகளோடு முதலில் போவார். நான் மூன்று வயதுக்காரனைக் கண்ணாடி ஓரம் ஓடவிட்டு, கடைசி அழைப்புக்கு ஒரு மூச்சு முன்னால் தூக்கிக்கொண்டு போவேன். சிகாகோவில் இருக்கும் தங்கைக்கு இந்த யோசனை பிடிக்காது. அங்கே யுனைடெட் விமான நிறுவனம் 2012-ல் குடும்பங்களை முன்னால் விடுவதை நிறுத்தி, பிறகு இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு மட்டும் திரும்பக் கொண்டுவந்தது. கிடைக்காமல் இருந்து கிடைத்ததால் அவளுக்கு அதன் மேல் பாசம் அதிகம்.

கல்யாணமாகாதவன்:

என் பக்கத்து நியாயம் ஒன்று. டிசம்பர் லீவில் டர்பனில் ஒரு குழந்தையைக் காட்டி ஒன்பது பேர் முன்னால் போனார்கள். பெரியப்பா, சித்தி, சித்தியின் நாத்தனார் வரைக்கும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மேலே பெட்டி வைக்கும் இடம் மொத்தமும் அந்த ஒன்பது பேருடையது.

ஜோபர்க் கோவைக்காரி:

தம்பி, அந்தச் சித்தி யாரென்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன்.

போன வாரம் மறுபடி டர்பன் போய்வந்தோம். பழனி அண்ணா சொன்னபடி கணவரைப் பையோடு முதலில் அனுப்பினேன். பஸ்ஸில் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மேலே இடமும் கிடைத்தது. நானும் மகளும் கடைசியில் போனோம். அவளைக் கேட்டில் கிளப்புவதுதான் பாடாகிவிட்டது. வா, ஷூ போடலாம் என்றால் ஜன்னலை விட்டுத் திரும்பாமலே “ஜஸ்ட் நௌ” என்கிறாள்.